வருமானம் ஒன்று, பாதுகாப்பு வேறு

சம்பள நாளில் கைக்கு வரும் காசை எண்ணுகிறோம். அது நின்றுபோனால் எத்தனை நாள் தாக்குப்பிடிப்போம் என்று எண்ணியிருக்கிறோமா?

2019ஆம் ஆண்டு அரசாங்கக் கணக்கெடுப்பின்படி ஒரு குடும்பத்தின் சராசரி மாத வருமானம் நகரத்தில் 116,670 ரூபா, கிராமத்தில் 69,517 ரூபா, தோட்டத்தில் 46,865 ரூபா. வறுமையில் இருந்தவர்கள் நகரத்தில் நூற்றுக்கு 6 பேர், கிராமத்தில் 15 பேர், தோட்டத்தில் சுமார் 34 பேர்.

தோட்டத்துக்குள்ளேயும் எல்லா வீடும் ஒன்றல்ல. ஒரே லயத்தில் இரண்டு வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் மாதம் 40,000 ரூபா வருகிறது. முதல் வீட்டில் புருசன், பெண்சாதி இரண்டு பேருக்கும் மலையில்தான் வேலை. அடுத்த வீட்டில் ஒருவர் மலையில். மற்றவர் மாடு வளர்த்துப் பால் ஊற்றுகிறார். கொழுந்து குறைந்து வேலை நாளும் குறைந்தால், முதல் வீட்டில் இரண்டு சம்பளமும் ஒன்றாக விழும். கடைக் கடன் ஏறும். "பிள்ளை பள்ளிக்கூடம் போகாட்டி என்ன?" என்ற பேச்சு அப்போதுதான் வரும்.

இன்று ராத்திரி குடும்பமாக உட்கார்ந்து கணக்குப் பாருங்கள்:

1. நம் வீட்டுக்கு எத்தனை வழியில் காசு வருகிறது?
2. வேலை நின்றால் எத்தனை நாள் சமாளிக்கலாம்?
3. கடன் எவ்வளவு? யாரிடம்?

வழி ஒன்றுதான் என்றால், இன்னொரு வழிக்கு இப்போதே சிறுகச் சேருங்கள். பிள்ளையின் படிப்பும் அப்படி ஒரு வழிதான். அதில் கை வைக்காதீர்கள்.