தாண்டு

ஐதராபாத்தில் மூசி ஆறு ஓடுகிறது. 1578-இல் அதன் மேல் புரானாபுல் பாலம் கட்டினார்கள். மக்கள் ஆற்றைத் தாண்டினார்கள். இது காலால் தாண்டுவது.

1908 செப்டம்பர் 28. மூசியில் பெருவெள்ளம். ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். ஒரு புளியமரத்தில் ஏறிச் சுமார் 150 பேர் பிழைத்தார்கள்.

ஊர் அழுதது. அழுதபடியே நிற்கவில்லை. பொறியாளர் விசுவேசுவரய்யாவிடம் யோசனை கேட்டார்கள். வெள்ளத்தைத் தேக்க அணை கட்டச் சொன்னார். 1920-இல் உஸ்மான் சாகர், 1927-இல் ஹிமாயத் சாகர் ஏரிகள் உருவாயின. ஊர் துயரத்தைத் தாண்டியது. இது மனத்தாலும் உழைப்பாலும் தாண்டுவது.

ஆங்கிலத்திலும் இரண்டையும் 'கெட் ஓவர்' என்பார்கள். சுவரைத் தாண்டினாலும் கெட் ஓவர். துக்கத்தைத் தாண்டினாலும் கெட் ஓவர்.

பயிற்சி: பலர் முன்னால் படிக்க உங்களுக்குக் கூச்சமா? அதை எப்படித் தாண்டுவீர்கள்? இரண்டு வரி எழுதுங்கள்.