மலைமழைக் கணக்கில் முதலில் பூஜ்யத்தைச் சோதியுங்கள்

2019 ஆகஸ்ட் 8, 9 தேதிகளில் நீலகிரி அவலாஞ்சியில் பதிவான மழை 820, 911 மி.மீ. சமவெளிக்கு வகுத்த வரம்பை வைத்துச் சலித்தால் இரண்டுமே பிழையென்று கழிந்துபோகும். மலைத் தரவைச் சரிபார்ப்பவர் இந்தப் பழக்கத்தைத்தான் முதலில் விடவேண்டும். மழைமானி தவறினால் பெரும்பாலும் குறைத்தே காட்டும். காற்று துளிகளைப் புனலுக்கு அப்பால் அடித்துப் போகும். தானியங்கி மானியில் நீர் நிறைந்ததும் கவிழும் சாய்வாளி, கவிழும் நொடியில் விழும் நீர் கணக்கில் சேராது. அதனால் முதலில் பூஜ்யங்களைத் தேடுங்கள். புனலில் இலை அடைத்திருந்தால் அதன் தடயம் தெளிவாகவே தெரியும்: சுற்றிலும் கொட்டும்போது இங்கே ஒன்றுமில்லை, மழை விட்டபின் மணிக்கணக்கில் ஒரே சீராகச் சொட்டும்.

பெரிய எண்ணையும் சோதிக்கத்தான் வேண்டும், ஆனால் கருவியின் பக்கமிருந்து. 200 சதுர செ.மீ. வாயுள்ள மானியில் 911 மி.மீ. என்றால் 18 லிட்டருக்கு மேல் தண்ணீர். 10 லிட்டர் குடுவை 500 மி.மீட்டரிலேயே நிரம்பிவிடும். ஆகவே குடுவையை எத்தனை முறை காலி செய்தார்கள் என்று பதிவேட்டில் பாருங்கள். அங்குலமும் சென்ட்டுமாக (அங்குலத்தில் நூறிலொரு பங்கு) எழுதும் எஸ்டேட் என்றால், 450 சென்ட் என்பது 114.3 மி.மீ.தான், அது 450 மி.மீ. என்று ஏறியிருக்கலாம். அடுத்தது தேதி. காலை 8.30 மணி அளவீடு அளந்த நாளின் பெயரில் பதிவாகும். யாராவது முந்தைய நாளில் எழுதியிருந்தால் ஒப்பீடு முழுக்க ஒரு நாள் நகர்ந்துவிடும். ஒப்பிடும் நிலையத்தைத் தூரத்தை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். தென்மேற்குப் பருவத்தில் அவலாஞ்சிக்குச் சாட்சி மேல்பவானி போன்ற மேற்குச் சரிவுதான். குன்னூர் மழைமறைவில் இருக்கிறது.

ரேடாரை வைத்தே தீர்ப்புச் சொல்லிவிடலாமே என்பார்கள். கொச்சி ரேடாரிலிருந்து அவலாஞ்சி சுமார் 150 கி.மீ. அரை டிகிரி சாய்வில் கிளம்பும் கதிரின் மையம் அங்கே ஏறத்தாழ 2.6 கி.மீ. உயரத்தில் இருக்கும், ஒரு டிகிரிக் கதிரின் அகலமும் கிட்டத்தட்ட அவ்வளவே. கீழ்ப்பாதியைக் குந்தா மலைகள் மறிக்கின்றன, பருவமழைத் துளிகள் பெருப்பதோ அந்தத் தாழ்ந்த மேகங்களில். எதிரொலியை மழையளவாக மாற்றும் சூத்திரமும் முக்கியம்: 40 டிபிஇசட் எதிரொலி மார்ஷல்-பால்மர் கணக்கில் மணிக்கு 11.5 மி.மீ., வெப்பமண்டல மழைக்கான கணக்கில் சுமார் 21.6. மலைகளும் கதிரை எதிரொலிப்பதால், மழையில்லாத நாள்களின் எதிரொலிகளைத் தொகுத்து மலை எதிரொலி வரைபடம் ஒன்று தயாரித்து, அவற்றை முதலில் நீக்குங்கள். பிறகு மழை எப்போது தொடங்கியது, எங்கே நகர்ந்தது என்பதற்கு ரேடாரையும், எவ்வளவு என்பதற்கு மானியையும் நம்புங்கள். ரேடார் குறைத்துக் காட்டுவதை மட்டும் வைத்து மானி பொய் என்று முடிவுகட்ட முடியாது.

சந்தேகமானதையெல்லாம் வைத்துக்கொண்டால் வெள்ளக் கணிப்பு கெடாதா என்ற கேள்வி நியாயமானதே. அழிக்காமல் குறியிடுங்கள்: சரி, ஐயம், தவறு என்று, காரணத்தோடும் தேதியோடும். கணிப்புக்கு 'சரி' மட்டும் போகட்டும். 'ஐயம்' உள்ளவற்றைக் களப் பதிவேடு வந்ததும் மறுபடி பாருங்கள். மூல எண்ணின் பத்தியில் யாரும் கைவைக்கக் கூடாது. இன்று அவசரத்தில் அழித்த ஓர் உச்ச மழை, நாளை அணையின் உபரிநீர்ப் போக்கியைக் கணக்கிடுபவரின் கண்ணில் படவே படாது.