செவிக்கு எட்டிய அறிவியல்

(இரண்டாமாண்டு பி.எஸ்சி. இயற்பியல் மாணவன், போலகம்)

முன்னுரை

ஐம்பொறிகளுள் செவிக்குத் தனிச்சிறப்புத் தந்தவர் தமிழர். 'கேள்வி' என்று ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். ஆயினும், கண் மங்கினால் கண்ணாடி அணியத் தயங்காத நாம், காது மந்தமானால் அதை மறைக்கவே முயல்கிறோம்.

என் தந்தையார் நெல் அரவை மில்லில் இருபத்திரண்டு ஆண்டுகள் உழைத்தவர். "சத்தம் கேக்குதுடா தம்பி, என்ன சொல்றன்னுதான் வெளங்கல" என்பார். பள்ளிப் படிப்பை முடிக்காத அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் எவ்வளவு இயற்பியல் அடங்கியுள்ளது என்பதைக் கல்லூரிக்கு வந்த பின்னரே உணர்ந்தேன்.

செவி கெடுவது எவ்வாறு?

உட்செவியில் நத்தைக் கூடுபோல் சுருண்ட உறுப்பு ஒன்று உண்டு. அதனுள் உள்ள சுமார் 15,000 மயிரிழைச் செல்களே ஒலி அதிர்வை மின் குறிப்பாக மாற்றி மூளைக்கு அனுப்புகின்றன. மனிதருக்கு இவை ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. பேரிரைச்சல் முதலில் தாக்குவது 4,000 ஹெர்ட்ஸ் அளவிலான உயர் அதிர்வெண்ணைக் கேட்கும் செல்களையே. உயிரெழுத்துகளின் ஒலி தாழ்ந்த அதிர்வெண்ணில் வலுவாக ஒலிக்கும். ச, த போன்ற மெய்களைப் பிரித்தறிய உதவும் மெல்லொலிகளோ உயர் அதிர்வெண்ணில் உள்ளன. ஆகவே குரல் கேட்கும், சொல் விளங்காது.

85 டெசிபல் இரைச்சலில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரமே இருக்கலாம் என்பர். 3 டெசிபல் கூடினால் அந்நேரம் பாதியாகக் குறைகிறது.

தொலைபேசியும் செவியும்

1876இல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்ற கிரகாம் பெல், காது கேளாதோருக்குப் பேசக் கற்பித்த ஆசிரியர். அவருடைய தாயும் மனைவியும் செவித்திறன் இழந்தவர்கள். 1947இல் பிறந்த டிரான்சிஸ்டர், 1952இல் காது கருவியில் இடம்பெற்றது. அது டிரான்சிஸ்டர் கொண்டு விற்பனைக்கு வந்த முதற்பொருள்களுள் ஒன்று. இன்றைய கருவியோ ஒரு சிறு கணினி. எல்லா ஒலியையும் ஒரே அளவில் பெருக்காமல், குறைபாடுள்ள அதிர்வெண்ணை மட்டும் கூடுதலாகப் பெருக்க வல்லது.

இணையம் எதற்கு?

கருவி வாங்கினால் மட்டும் போதாது. எங்கள் வீட்டில் வாங்கிய கருவி ஒரே மாதத்தில் பீரோவுக்குள் போயிற்று. பாத்திரம் விழும் ஓசை இடிபோல் கேட்கிறது என்று அப்பா கழற்றி வைத்துவிட்டார். கருவியை அவரவர் காதுக்கு ஏற்பப் பலமுறை சீரமைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலியும் பேருந்துச் செலவும் போனால், ஏழை எவ்வாறு தொடர்ந்து செல்வார்?

இங்கேதான் இணையம் கைகொடுக்கிறது. கருவியைக் கைப்பேசியுடன் இணைத்தால், செவித்திறன் வல்லுநர் தம் இடத்திலிருந்தே அதைச் சீரமைக்கலாம். உட்செவியில் பொருத்தும் காக்ளியர் கருவியையும் இவ்வாறு தொலைவிலிருந்து சீரமைக்க 2017இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார், தமிழகக் கிராமங்களில் ஊர்ப் பணியாளர்களைக் கொண்டு குழந்தைகளின் செவியைச் சோதித்து, இணையவழி வல்லுநர் நோய் அறியும் முறையை நடத்திக் காட்டினர்.

குழந்தை பிறந்த ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் குறையை உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது மருத்துவ உலகின் நெறி. காலம் தவறினால் பேச்சும் தவறும்.

முடிவுரை

இணையம் மருத்துவருக்கு மாற்று அன்று. காது திடீரென்று அடைத்தால் உடனே மருத்துவமனை செல்லவேண்டும். காதில் ஒலிபெருக்கி மாட்டித் திரியும் மாணவ நண்பர்களும் ஒலியளவைக் குறைக்கவேண்டும். நூறு கோடிக்கு மேற்பட்ட இளைஞர் செவியிழப்பு அபாயத்தில் உள்ளனர் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பொங்கலுக்குப் பின் அப்பாவின் கருவியை மீண்டும் வெளியே எடுத்தோம். வல்லுநர் ஒருவர் கைப்பேசி வழியே இருமுறை சீரமைத்தார். எல்லாம் கேட்கிறது என்று சொல்லமாட்டேன். ஆனால் திண்ணையில் அமர்ந்திருக்கையில், தங்கை கேட்கும் கேள்விக்கு இப்பொழுது மறுமொழி வருகிறது. நம் கொம்யூன்தோறும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இவ்வசதி அமைந்தால், மௌனமாகிப்போன திண்ணைகள் பலவும் மீண்டும் பேசும்.