உருவமும் மேலெழுத்தும்

கொல்லிமலையினின்று இழியும் ஐயாறு அடிவாரத்தை அடையும் புளியஞ்சோலைக்குச் சென்ற விடுமுறையில் நண்பர் சிலருடன் யாம் போயிருந்தோம். மணலை அளைந்துகொண்டிருந்த நண்பர் ஒருவர், "கரூரிற் போல ஈண்டும் ரோமர் காசு அகப்படுமோ?" என்று வினவினார். அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

கரூரே சேரர் தலைநகராகிய வஞ்சி என்பர் அறிஞர் பலர். ஆங்கு அமராவதி யாற்று மணலிற் கிடைத்த சேரர் காசுகளுள் 'கொல்லிப்பொறை' என்னும் பெயர் பொறித்ததும் ஒன்று. யாம் கண்ட மலையின் பெயர் அதில் நிலைபெற்றுள்ளது. அம்மணலிலேயே ரோமர் செப்புக் காசுகளும் கிடைத்தன. கரூர், மதுரை ஆகிய இடங்களிற் கிடைத்த இவற்றைப் பற்றி இரா. கிருஷ்ணமூர்த்தி 1994-இல் நூல் வெளியிட்டார். அகஸ்து, திபேரியு என்பார்தம் பொற்காசும் வெள்ளிக்காசும் முற்பட்டவை. இச்செப்புக் காசுகளிற் பெரும்பாலன கி.பி. 4, 5-ஆம் நூற்றாண்டின. ஆதலின், மேனாட்டுத் தொடர்பு சங்ககாலத்தோடு முற்றும் அற்றதென்று கொள்ளுதல் பொருந்தாது.

இவற்றை இனங்காணுமாறு எங்ஙனம்? வரிக்காசைக் காட்டச்செய்து நம் ஆண்டவர் வினவிய இரண்டுமே கருவிகளாம்: உருவமும் மேலெழுத்தும். முன்புறத்தே பேரரசன் தலையும், அதனைச் சூழ அவன் பெயரும் இருக்கும். பெயர் தேய்ந்துபோயின் பின்புறத்தை நோக்குக. வீரர் இருவர்க்கிடையே இரு கொடிகள் நிற்பின், அக்காசு 330 முதல் 335 வரை அடிக்கப்பெற்றது. ஒரு கொடியேல் அதற்குச் சற்றுப் பிற்பட்டது. வெற்றித்தெய்வம் சிறைப்பட்டவனை இழுத்துச் செல்லின், 388-க்குப் பிற்பட்டதெனலாம். அடிக்கோட்டின்கீழ் உள்ள சில எழுத்துக்கள் அந்தியோகியா, அலெக்சாந்திரியா முதலிய அக்கசாலை நகர்களைக் குறிக்கும்.

இவ்வெழுத்துக்கள் பலகாலும் பச்சைக் களிம்பின் மெல்லிய படலத்திலேயே தங்கியிருக்கும். இதனை அறியாமல், எம் பாட்டனார் பேணிய பழங்காசொன்றைச் சிறுபருவத்தில் யாம் புளியிட்டு விளக்கினோம். காசு பொன்போல் மின்னிற்று. உருவமும் எழுத்தும் மறைந்தன. அஃது எவ்வரசன் காசென்று இனி ஒருவராலும் கூறவியலாது. பாட்டனார் எம்மைக் கடிந்திலர். அதுவே எம்மை இன்றும் வருத்துகின்றது.

ஆதலின், காசு பெற்றோர் அதனைத் தேய்த்தலாகாது. கிடைத்த இடத்தையும் உடன்கிடந்த பொருள்களையும் உடனே குறித்தல் வேண்டும். இடமறியாக் காசு பாதி வரலாற்றை இழந்ததாம். நிலத்துட் புதைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேற்பட்டதாயின் மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் வேண்டுமென்பது 1878-ஆம் ஆண்டுப் புதையற் சட்டம்.

அன்று ஐயாற்று மணலில் எமக்குக் காசு யாதும் அகப்படவில்லை. என்றேனும் ஒருவர்க்கு அகப்படுமாயின், புளியை அடுக்களையிலேயே வைத்துவிட்டு ஏட்டையும் எழுதுகோலையும் எடுப்பாராக.