பிள்ளைகளின் மனநலமும் பஞ்சாயத்தின் கடமையும்

பள்ளிக்குச் சுற்றுச்சுவர் எழுப்புவதிலும் குடிநீர்க் குழாய் அமைப்பதிலும் நம் பஞ்சாயத்துக்கள் காட்டும் ஊக்கம் பாராட்டத்தக்கது. ஆயின், அச்சுவருக்குள் அமர்ந்திருக்கும் பிள்ளையின் மனநிலையை நாம் எண்ணிப் பார்க்கிறோமா?

நாமக்கல் பகுதியில் லாரி ஓட்டச் சென்ற தந்தை வீடு திரும்பப் பல நாட்கள் ஆகின்றன. சேலம் பகுதியில் தறி நின்றால் வீட்டில் சச்சரவு எழுகிறது. இச்சுமையைப் பிள்ளை வகுப்பறைக்குள் சுமந்து வருகிறது. நன்கு படித்த பிள்ளை பேச்சைக் குறைத்தல், அடிக்கடி வயிற்றுவலி எனல், பள்ளிக்கு வர மறுத்தல் ஆகியவை அதன் அறிகுறிகளாகலாம். இதைச் சோம்பல் எனக் கருதி அடிப்பது, வேரில் நோயிருக்க இலையைக் கிள்ளுவதை ஒக்கும். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்துள்ளது.

அச்சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ளாட்சி உறுப்பினருக்கும் இடமுண்டு. குழு கூடும்போதெல்லாம் கட்டடக் கணக்கோடு இவற்றையும் கேட்போமாக: அடிக்கடி வராத பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்தம் வீட்டுக்கு ஆசிரியர் சென்றாரா? பிள்ளையின் பெயரைச் சபையில் கூறலாகாது. ஊர்ப்பேச்சு புண்ணை ஆழமாக்கும்.

மனநல ஆலோசனைக்கு 14416, சிறார் பாதுகாப்புக்கு 1098 ஆகிய எண்களைப் பள்ளிச் சுவரிலும் பஞ்சாயத்து அலுவலகத்திலும் எழுதி வைப்பீர். இவற்றுக்குக் கட்டணமில்லை. உயிரை மாய்த்துக்கொள்வதாகப் பேசும் பிள்ளையைத் தனியே விடாது, உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வீர்.

மாலையில் மதிப்பெண்ணைக் கேட்குமுன், "இன்று பள்ளியில் என்ன நடந்தது, கண்ணு?" என்று கேட்டுச் செவிமடுப்பதே பெற்றோர் செய்யத்தக்க முதல் உதவியாகும்.