வாக்குப் பொறியும் காணும் கண்ணும்

பிரித்தானியர் காலத்து முத்துச் சலாபத்தில், அரிப்பு முதலாய கரைகளிலே சிப்பி பங்கிடப்பட்ட முறை ஆராய்தற்குரியது. குளியாட்கள் தாம் எடுத்த சிப்பியைத் தாமே மூன்று சமகுவியலாகப் பிரிப்பர். அவற்றுள் அவர்க்குரியது எதுவென அரசாங்க அலுவலர் சுட்டுவார்; எஞ்சிய இரண்டும் அரசுக்கு. தம் குவியல் எதுவென முன்னர் அறியாமையின், பிரிப்பவர் ஒன்றைப் பெருக்கிப் பயனில்லை. எழுத்தறியாதவனும் இம்முறையின் நேர்மையைத் தன் கண்ணாலேயே கண்டான்.

மின்னணு வாக்குப் பொறியை நாம் இவ்வளவைகொண்டே நோக்குகின்றோம். இந்தியாவில் அது முதன்முதல் 1982இல் கேரளத்துப் பறவூர்த் தொகுதியில், 50 சாவடிகளிற் பயன்பட்டது. சட்டம் வாக்குச் சீட்டையே கூறிற்று என்று உச்ச நீதிமன்றம் 1984இல் அவ்வாக்குகளைத் தள்ளியது. மறுவாக்களிப்பில் வெற்றியாளரே மாறினார். 1989இல் சட்டம் திருத்தப்பட்டது.

பொறிக்கும் சிறப்புண்டு. செல்லா வாக்கு என்பது அதில் இல்லை; நிமிடத்துக்குச் சில வாக்குகளே ஏற்பதால் சாவடியைக் கைப்பற்றுவோர் விரைந்து குவித்தலும் இயலாது. ஆயினும் 2010இல் ஆய்வாளர் சிலர், உண்மைப் பொறியொன்றின் காட்சிப் பகுதியை மாற்றிவைத்துப் பொய்த் தொகை காட்டலாம் என்று நிறுவினர். ஆணையமோ காவலையும் முத்திரையையும் சுட்டிற்று. காவலர்மேல் நம்பிக்கை வேறு, எண்ணிக்கைமேல் நம்பிக்கை வேறு அன்றோ?

தாளும் குற்றமற்றதன்று. 1981இல் யாழ்ப்பாண மாவட்ட சபைத் தேர்தலிற் பெட்டிகள் காணாமற்போயின. 1982ஆம் ஆண்டுச் சர்வசன வாக்கெடுப்பின் முறைகேடுகளையும் மூத்தோர் மறந்திலர். எனினும் பெட்டி தொலைந்தமை ஊரறிந்தது. நினைவகத்தில் ஓரெண் பிறழ்ந்தால் அதனை அறிவார் யார்? ஜேர்மானிய அரசியலமைப்பு நீதிமன்றம் 2009இல் தீர்த்ததும் இதுவே: தொழில்நுட்ப அறிவில்லாத குடிமகனும் தேர்தலின் முக்கிய படிகளைச் சரிபார்க்க இயலவேண்டும்.

இந்திய உச்ச நீதிமன்றம் 2013இல் தாட்சான்று வேண்டுமென்றது. வாக்காளர் அச்சீட்டைக் கண்ணாடியூடே ஏழு விநாடி காண்பர். பின்பு அது பெட்டியுள் விழும். 2019 முதல் சட்டமன்றத் தொகுதியொன்றுக்கு ஐந்து சாவடிச் சீட்டுகளே எண்ணப்பட்டுப் பொறியின் தொகையோடு ஒப்பிடப்படுகின்றன. அனைத்தையும் எண்ணக் கோரிய வழக்கை 2024 ஏப்பிரலில் மன்றம் ஏற்கவில்லை. மீதிச் சீட்டுகள் எண்ணாமலே கிடக்கின்றன. எண்ணாத சான்றுக்கு எதற்கு அச்சு?

இலங்கையிலும் பொறி வேண்டும் என்னும் குரல் இடையிடையே எழுகின்றது. எல்லாச் சீட்டையும் எண்ணுவதாயின் பொறி தரும் விரைவு போய்விடும். எண்ணாது விடுவதாயின் ஐயம் நீங்காது. விரைவுதானும் நமக்கு அத்துணை அரிதோ? 2024 செப்டெம்பர் 21இல் நாடு தாளில் வாக்களித்தது. எவரும் பாதியைக் கடவாமையின் வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம் விருப்பு வாக்குகளும் எண்ணப்பட்டன. அவ்வாறிருந்தும், மறுநாள் மாலையே முடிவு வெளியாயிற்று.