விமானிகளும் விண்கிரணங்களும்

நிலத்தின் ஆழத்திற்கு இறங்க இறங்கக் கதிரியக்கம் பெருகும், ஆகாயத்தில் உயர உயர அது அருகிவிடும் என்னும் எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. பாறைகளில் யுரேனியமும் தோரியமும் கலந்திருப்பதாலும், சுரங்கக் காற்றில் ரேடான் வாயு தேங்குவதாலும், இந்த நம்பிக்கையின் முற்பாதியில் ஓரளவு நியாயம் இருக்கிறது. பிற்பாதியோ முற்றிலும் பிழை. அதைப் பிழையென்று நிரூபித்த பெருமையில் கோலார் தங்கவயலுக்கும் பங்குண்டு. பூமியின் மேற்பரப்பில், நீட்டிய உள்ளங்கையை விநாடிக்கு ஒன்று என்ற கணக்கில், விண்கிரணங்களால் பிறக்கும் மியூவான் என்னும் துகள் ஊடுருவிச் செல்கிறது. தமிழ்த் தொழிலாளரின் வியர்வையால் தோண்டப்பட்ட இத்தங்கவயலின் பல மட்டங்களில் எண்ணுகருவிகளை வைத்து அளந்துகொண்டே இறங்கிய பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள், 1960களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 2.7 கிலோமீட்டர் ஆழத்தை அடைந்தபோது, சுமார் இரண்டு மாதம் காத்திருந்தும் அத்துகளில் ஒன்றுகூட அகப்படவில்லை. அந்த நிசப்தமே 1965இல், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் சுவட்டைக் கண்டறிய இடமளித்தது. ஆக, ஆழத்தில் மியூவான்கள் அருகிவிடுவது காட்டுவதுபோல, விண்கிரணங்கள் மேலிருந்தே வருகின்றன. 11 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விமானியோ, வளிமண்டலமாகிய கவசத்தில் முக்கால் பங்கிற்கு மேல் தன் காலடியில் விட்டுவிட்டுச் செல்கிறார்.

இக்கிரணங்கள் சூரியனிடமிருந்து வருவதால் இரவில் பறப்பது க்ஷேமம் என்பாரும் உளர். 1912 ஏப்ரலில் சூரிய கிரகணத்தின்போதே பலூனில் ஏறி அளந்து பார்த்த விக்டர் ஹெஸ், கிரணங்களின் அளவு குறையவில்லை என்று கண்டார். பெரும்பகுதி சூரிய மண்டலத்திற்கு அப்பாலிருந்து வருவது. சூரியன் உக்கிரமாக இருக்கும் ஆண்டுகளில், எப்போதாவது நேரும் பெருவெடிப்புகள் நீங்கலாக, அதன் காந்தப்புலம் அக்கிரணங்களை விலக்குவதால் விமானிகளுக்குச் சேரும் அளவு குறையவே செய்கிறது.

விமானத்தின் மெல்லிய உலோகச் சுவர் காக்கும் என்பது வீண் நம்பிக்கை. ஆனால் எல்லாவற்றிலும் பிடிவாதமாக நிற்பது, எக்ஸ்ரே அறை ஊழியர் சட்டையில் அணியும் பேட்ஜை விமானிக்கும் அணிவித்துவிட்டால் விஷயம் முடிந்தது என்ற நம்பிக்கை. விமானம் பறக்கும் உயரத்தில் உடலில் சேரும் கதிர்ப்பாதிப்பில் ஏறத்தாழப் பாதி நியூட்ரான்களால் விளைவது. மின்னேற்றமில்லாத அவற்றைச் சாதாரண பிலிம் பேட்ஜ் சரிவர உணர்வதில்லை. கைகர் கருவியோ துகள்களை எண்ணுமேயன்றி, ஒவ்வொன்றும் திசுவில் எவ்வளவு சக்தியை விட்டுச் செல்கிறது என்று சொல்லாது. இக்குறையைப் போக்கவே, ஹெரால்ட் ரோஸி 1950களில் உருவாக்கிய முறையைத் தழுவி, மனிதத் திசுவையொத்த பிளாஸ்டிக்கினால் ஆன உள்ளீடற்ற கோளத்தினுள் மிகத் தாழ்ந்த அழுத்தத்தில் வாயுவை நிரப்பி, ஓர் உயிரணுவின் பரிமாணத்தில் நிகழும் சக்திச் சேர்க்கையையே அளக்கும் விகித எண்ணியை விமானங்களில் ஏற்றினார்கள். இதன் அடிப்படைத் தத்துவம் தங்கவயலுக்குப் பரிச்சயமானதே: புரோட்டானின் சிதைவைத் தேடி 1980இல் இங்கே பாதாளத்தில் அமைத்த 140 டன் சாதனம், இரும்புக் குழாய்களால் ஆன விகித எண்ணிகளின் அடுக்குதான். 18 கிலோமீட்டர் உயரத்தில் பறந்த கான்கார்டு விமானத்திலோ கதிரளவியொன்று நிரந்தரமாகவே பொருத்தப்பட்டிருந்தது.

எனினும் இன்று பெரும்பாலான விமானிகளின் கதிரளவுக் கணக்கு கருவியால் அன்று, கணிதத்தால் எழுதப்படுகிறது. பாதை, உயரம், நேரம், சூரியனின் நிலை ஆகியவற்றைக் கொண்டு கணினி மதிப்பிட, கருவிகள் அம்மதிப்பை அவ்வப்போது பரிசோதிக்கின்றன. இதனை ஏமாற்று என்று சந்தேகிப்பது தவறு. விண்கிரணம் பாதைக்குப் பாதை ஒழுங்காக மாறுவது: கிரணங்களைப் பூமியின் காந்தப்புலம் மிகுதியாக விலக்கும் பூகாந்த மத்தியரேகை தென்னிந்தியாவின் தும்பாவை அணுகிச் செல்வதால், அப்பகுதியின் மேல் பறப்பவருக்குச் சேர்வது துருவப் பிராந்தியத்தை ஒட்டிப் பறப்பவருக்குச் சேர்வதில் பாதிக்கும் குறைவே.

ஆண்டிற்குச் சில மில்லிசீவெர்ட் என்பதே இவர்களிற் பெரும்பாலோரின் நிலை. கதிர்த் தொழிலாளருக்கு ஆண்டிற்குச் சராசரியாக 20 மில்லிசீவெர்ட் என்று சர்வதேசக் கதிர்ப்பாதுகாப்புக் குழு வகுத்த எல்லைக்கு அது மிகவும் கீழே. அதே குழு 1990ஆம் ஆண்டின் பரிந்துரைகளிலேயே விமானிகளையும் பணிப்பெண்களையும் கதிர்த் தொழிலாளராகக் கருதவேண்டும் என்றது. கருவுற்றிருப்பதை அறிவித்த பெண்ணின் சிசுவிற்கு எஞ்சிய மாதங்களில் 1 மில்லிசீவெர்ட்டே எல்லை என்றும் பின்னர் வரையறுத்தது. நீண்ட துருவப் பாதைகளில் சில முறை சென்று வந்தாலே அந்த எல்லையைத் தொட்டுவிடக் கூடுமாதலால், அவ்வன்னையின் கணக்கை மாதந்தோறும் அவள் கையிலேயே கொடுக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.